ஃபில்டர் போட்டும் பிளாஸ்மா டார்ச்சில் தண்ணீர் வருவது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது, 'எந்த ஏர் ஃபில்டர் வாங்கினால் பிளாஸ்மா கட்டருக்கு (அழுத்திய காற்றும் மின்பொறியும் கொண்டு உலோகத் தகட்டை வெட்டும் மெஷின்) தண்ணீர் வராது?' என்று. கொடுத்திருக்கும் விவரங்களைப் பார்த்தால் உண்மையான கேள்வி வேறு. சென்னைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகைப் பட்டறை. 2 எச்.பி. பெல்ட் கம்ப்ரஸர், 100 லிட்டர் டேங்க், 50 ஆம்ப் இன்வெர்ட்டர் பிளாஸ்மா. மெஷினின் பின்பக்கம் கிண்ணம் வைத்த ஃபில்டர் ரெகுலேட்டர் இருக்கிறது; டேங்க் வாயிலும் இன்னொரு ஃபில்டர் மாட்டியாயிற்று. முதல் பத்து நிமிடம் சுத்தமாக வெட்டுகிறது. இருபது நிமிடம் ஆனதும் டார்ச் (கையில் பிடித்து வெட்டும் முனை) படபடவென்று துப்புகிறது, ஆர்க் (தகட்டை வெட்டும் மின்பொறி) அறுந்துபோகிறது, அது வெளிவரும் செம்பு மூக்கான நாசிலின் ஓட்டை முட்டை வடிவமாகத் தின்றுபோகிறது. ஆக, இரண்டு ஃபில்டர் இருந்தும் தண்ணீர் எப்படித் தாண்டி வருகிறது என்பதுதான் கேள்வி. மூன்றாவது ஃபில்டர் வாங்கினாலும் இதே கதைதான் நடக்கும். காரணத்தைச் சொல்லிவிட்டு வழிக்கு வருகிறேன்.

கிண்ண ஃபில்டர் பிடிப்பது துளியாக இருக்கும் தண்ணீரை மட்டுமே. காற்றோடு கலந்து ஆவியாக வரும் ஈரத்தை அதனால் தொடக்கூட முடியாது. சூடான காற்றில் தண்ணீர் ஆவியாகத்தான் இருக்கும். அது ஃபில்டரைச் சாதாரணமாகத் தாண்டி, ஹோஸ் வழியே போகும்போது குளிர்ந்து, அங்கேதான் துளியாகிறது. கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். உங்கள் கம்ப்ரஸர் நிமிடத்துக்குச் சுமார் 150 லிட்டர் வெளிக்காற்றை இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 9 கன மீட்டர். 32 டிகிரி வெயிலில் 75 சதவீத ஈரப்பதம் என்றால் ஒவ்வொரு கன மீட்டரிலும் சுமார் 25 கிராம் தண்ணீர் உண்டு. மணிக்கு 225 கிராம், ஏறத்தாழ ஒரு டம்ளர் தண்ணீர். அந்த 9 கன மீட்டரை கேஜில் 8 பார் காட்டும்வரை (வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் 9 மடங்கு) அழுத்தினால் 1 கன மீட்டராகச் சுருங்குகிறது. ஒரு கன மீட்டர் இடம் 50 டிகிரியில் 83 கிராம் ஆவியைத் தாங்கும், 32 டிகிரியில் 34 கிராம்தான், 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம், 3 டிகிரியில் 6 கிராம். ஓயாமல் ஓடி டேங்க் 50 டிகிரிக்குச் சூடாகிவிட்டால், 140 கிராம் டேங்கின் அடியில் தங்கும், 83 கிராம் ஆவியாகவே வெளியே போகும். டேங்க் வாயில் இருக்கும் ஃபில்டர் அந்த 83 கிராமைப் பார்ப்பதே இல்லை. ஹோஸில் காற்று 32 டிகிரிக்கு ஆறும்போது சுமார் 50 கிராம் துளியாகி, நேரே மெஷினுக்குள் போகிறது. மெஷின் பின்னால் இருக்கும் கிண்ணம் அதில் ஒரு பங்கைப் பிடிக்கும். காற்று இன்னும் சூடாக வந்தால் மிச்சம் டார்ச் கேபிளுக்குள் போய்க் குளிரும். முதல் பத்து நிமிடம் நன்றாக வெட்டியதற்கும் இதுவே காரணம்: அப்போது டேங்க் ஆறியிருந்தது. (சிறு திருத்தங்களை விட்டுவிட்டு முழு எண்களாகச் சொல்லியிருக்கிறேன், முடிவு மாறாது.)

மழைக்காலத்தில்தான் இந்தத் தொல்லை என்று நினைப்பவர்கள் அதிகம். ஐப்பசி அடைமழையில் 25 டிகிரி, 90 சதவீத ஈரம் என்றால் கன மீட்டருக்கு 21 கிராம். கத்திரி வெயிலில் 38 டிகிரி, 50 சதவீத ஈரம் என்றால் 23 கிராம். காய்ந்ததுபோலத் தெரியும் மே மாதக் காற்றில்தான் தண்ணீர் கூடுதல். கம்ப்ரஸரும் அப்போது அதிகம் கொதிப்பதால் ஆவியாகத் தப்பிப் போவதும் அதிகம். எனவே கோடையில் சமாளிக்கும் அமைப்பு மழையிலும் சமாளிக்கும்.

செலவு செய்யும் முன் நோய் தண்ணீர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆர்க் அறுவதற்குக் காற்றழுத்தக் குறைவு, தேய்ந்த எலக்ட்ரோடு, துருவின் மேல் மாட்டிய எர்த் கிளாம்ப் என்று பல காரணங்கள் உண்டு. அவை பெரும்பாலும் முதல் வெட்டிலிருந்தே தெரியும். வேலை சூடுபிடித்த பிறகு ஆரம்பித்து, அரை மணி ஓய்வுக்குப் பின் மறைந்துபோனால் அது தண்ணீர். மெஷினில் காற்றை மட்டும் திறக்கும் சோதனை சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டு, டார்ச் முனைக்கு ஒரு கைப்பிடி தூரத்தில் சுத்தமான கண்ணாடித் துண்டை அரை நிமிடம் பிடியுங்கள். மூச்சு விட்டதுபோல மங்கினாலோ புள்ளி விழுந்தாலோ சந்தேகமே வேண்டாம். பிறகு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். ஈரம் காய்ந்த பின்னும் மஞ்சள் கறை நின்றால் எண்ணெயும் வருகிறது. அந்த சுவிட்ச் இல்லாத மெஷினில் டிரிகரை அழுத்தி இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. டார்ச் முனையில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும்.

டார்ச்சுக்குள் தண்ணீர் செய்யும் கேடு இதுதான். செம்பு எலக்ட்ரோடின் முனையில் மிளகைவிடச் சிறிதாக ஹாஃப்னியம் பதித்திருப்பார்கள். ஆர்க் அதிலிருந்து கிளம்பி, சுழலும் காற்றின் நடுவே, நாசில் சுவரைத் தொடாமல் ஓட்டை வழியே போக வேண்டும். ஒரு துளி உள்ளே வந்தால் சட்டென்று நீராவியாக வெடித்து அந்தச் சுழற்சியைக் கலைக்கிறது. ஆர்க் பக்கவாட்டில் சாய்ந்து நாசிலைத் தொடுகிறது. செம்பு எரியும்போது ஆர்க்கில் பச்சை நிறம் தட்டும். ஓட்டை ஒரு பக்கம் தின்றுபோனதும் வெட்டு சரிவாகும், தகட்டின் அடியில் கசடு ஒட்டும். பிறகு காய்ந்த காற்றைக் கொடுத்தாலும் அந்த நாசில் தேறாது. அதனால் காற்றைச் சரிசெய்த அன்றே எலக்ட்ரோடு, நாசில் இரண்டையும் சேர்த்துப் புதிதாக மாட்டுங்கள். இல்லாவிட்டால் செய்த வேலை பலித்ததா என்றே தெரியாது.

வழி என்று பார்த்தால் வரிசைதான் எல்லாம்: முதலில் குளிரவை, பிறகு துளியைப் பிரி, பிறகு எண்ணெயைப் பிடி, பிறகு ஆவியை உறிஞ்சு, கடைசியில் அழுத்தத்தைக் குறை. குளிரவைப்பதை விட்டுவிட்டு மற்ற நான்கையும் செய்வதுதான் எங்கும் நடக்கும் தவறு.

குளிரவைக்க ஏசி மெக்கானிக்குகள் வாங்கும் மெல்லிய காப்பர் டியூப் போதும். அரை இஞ்ச் டியூப் 15 மீட்டர் சுருளாக வரும். உங்கள் கம்ப்ரஸருக்கு 7 மீட்டர் தாராளம். பெயிண்ட் டப்பாவைச் சுற்றி வளைத்துச் சுருளாக்கி, ஒரு பிளாஸ்டிக் ட்ரமுக்குள் நிறுத்துங்கள். டேங்கிலிருந்து வரும் சூடான காற்று மேலே நுழைய வேண்டும், ஆறிய காற்று கீழே வெளியேற வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம். டியூபின் மறுமுனையை ட்ரமின் வாய் வழியே மேலே தூக்கி எடுத்தால், கீழ் வளையத்தில் தண்ணீர் தேங்கி, காற்று வேகம் கூடும்போதெல்லாம் ஒரு வாய்த் தண்ணீராகப் பாய்ந்து வரும். அதைச் சுருளுக்கு அடுத்து வைக்கப்போகும் தண்ணீர்ப் பிரிப்பான் தாங்காது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் டேங்க் நிப்பிள் போல ட்ரமின் அடிப்பக்கச் சுவரில் துளையிட்டு ரப்பர் வாஷரோடு டியூபை வெளியே எடுங்கள். சுருள் முழுதும் கீழ்நோக்கியே சரிய வேண்டும், எங்கும் தொய்ந்து மேலேறக் கூடாது. 100 லிட்டர் தண்ணீர் இருந்தால் ஒரு மணி நேரம் தொடர்ந்து வெட்டினாலும் தண்ணீரின் சூடு ஒரு டிகிரி ஏறாது. 20 லிட்டர் வாளி என்றால் மணிக்கு 3, 4 டிகிரி ஏறும். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு அதுவும் போதும். ட்ரம் நிழலில் இருக்கட்டும், ஒரு மூடியும் போட்டுவிடுங்கள், கொசு வராது.

இந்தச் சுருளை கம்ப்ரஸர் ஹெட்டுக்கும் (காற்றை அழுத்தும் சிலிண்டரின் தலைப்பகுதி) டேங்குக்கும் நடுவே போடலாமே என்று சிலர் கேட்பார்கள். கோட்பாட்டில் அதுதான் மேல்: டேங்கே குளிர்ந்துவிடும், தண்ணீர் முழுதும் அங்கேயே விழும். ஆனால் ஹெட்டிலிருந்து வரும் காற்று 100 டிகிரிக்கு மேல் இருக்கும், அன்லோடர் குழாயும் (கம்ப்ரஸர் நின்றதும் ஹெட்டில் தங்கிய அழுத்தத்தை வெளியேற்றுவது) ஒருவழி வால்வும் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. அங்கே பைப் மாற்றிப் பழக்கமில்லாதவர் கைவைக்க வேண்டாம். அப்படியே செய்தாலும் ஹெட்டுக்கும் டேங்குக்கும் நடுவே அடைக்கக்கூடிய வால்வ் எதுவும் வரவே கூடாது. தவறி மூடிவிட்டால் பாதுகாப்பு வால்வுக்குக் காற்று போய்ச் சேர வழியில்லாமல் ஹெட்டோ பைப்போ வெடிக்கும். டேங்குக்குப் பிறகு சுருள் போடுவதில் அந்த ஆபத்து இல்லை, பலனில் பெரிய குறையும் இல்லை.

சுருள் முடியும் இடத்திலேயே, ஒரு முழ தூரத்துக்குள், தண்ணீர்ப் பிரிப்பானை வையுங்கள். இப்போது டேங்க் வாயில் மாட்டியிருக்கிறீர்களே, அந்தக் கிண்ண ஃபில்டரையே கழற்றி இங்கே மாற்றலாம். அதே பொருள்தான், இடம் மாறியதும் வேலை செய்ய ஆரம்பிக்கும். அதன் அடியில் சின்ன பால் வால்வ் போட்டு அரை மணிக்கு ஒருமுறை திறந்து விடுங்கள். கிண்ணத்தில் பாதிக்கு மேல் ஏறவிட்டால் சுழலும் காற்று தண்ணீரை மறுபடி அள்ளிக்கொண்டு போய்விடும். ஒளி ஊடுருவும் கிண்ணங்கள் பெரும்பாலும் பாலிகார்பனேட். தின்னர், பெட்ரோல் பட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டு, அழுத்தத்தில் சிதறும். சோப்புத் தண்ணீர் தவிர வேறு எதிலும் கழுவாதீர்கள். உலோக உறை போட்டதாக இருந்தால் நல்லது.

அதற்கு அடுத்தது எண்ணெய்ப் புகையைப் பிடிக்கும் கோலசிங் ஃபில்டர், 0.01 மைக்ரான். உங்களுடையது எண்ணெய் ஊற்றும் பிஸ்டன் கம்ப்ரஸர் என்பதால் இது தேவை. அடுத்த கட்டத்தில் ஆவியை உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகளில் எண்ணெய் படிந்தால் அவை பிறகு எதையும் உறிஞ்சாது. வாங்கும்போது இணைப்பின் திருகு நூல் (த்ரெட்) அளவை மட்டும் பார்க்காமல், 6 பாரில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் விடும் என்று பாருங்கள். உங்கள் தேவையின் இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

காற்றைக் காயவைப்பதில் சிலிகா ஜெல் கடைசிக் கட்டம். குளிர்ந்து, துளி நீங்கி வந்த காற்றில் மணிக்கு இன்னும் 34 கிராம் ஆவி இருக்கிறது. ஒரு கிலோ சிலிகா ஜெல் நடைமுறையில் 150 கிராம் உறிஞ்சும் என்று கணக்கு வைத்தால், தொடர்ந்து நான்கு மணி நேர ஆர்க். வீட்டுப் பட்டறையில் ஒரு நாளில் உண்மையான ஆர்க் நேரம் இருபது, முப்பது நிமிடம்தான் இருக்கும் என்பதால் எட்டு முதல் பன்னிரண்டு வேலை நாட்கள் வரும். அதே ஜெல்லைச் சுருள் இல்லாமல் 50 டிகிரிக் காற்றில் மாட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். சூட்டில் அதன் உறிஞ்சும் தன்மையும் குறையும். துளித் தண்ணீர் நேரே பட்டால் மணிகள் வெடித்துப் பொடியாகி, அந்தப் பொடி டார்ச்சுக்குள் போகும். அதனால் ஜெல்லுக்குப் பின் ஒரு தூசி ஃபில்டர் கட்டாயம்.

நீல ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். அதில் இருப்பது கோபால்ட் குளோரைடு. புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள பொருள் என்பதால் சமையல் ஓவனில் காயவைக்காதீர்கள், பொடியை மூச்சில் இழுக்காதீர்கள். ஆரஞ்சு ஜெல் வாங்குவது மேல். எதுவானாலும் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம், தட்டில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பிக் காயவைக்க வேண்டும். 150 தாண்டினால் நிறம் கருகிவிடும். அதன் பிறகு எப்போது தீர்ந்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. வெயிலில் காயவைக்கலாம் என்று கேள்விப்பட்டால் நம்ப வேண்டாம், கடலோர வெயில் காற்றிலேயே அது ஈரம் குடிக்கும். அடுப்பிலிருந்து எடுத்த ஜெல்லைத் திறந்து வைத்து ஆறவிட்டாலும் அதே கதி. சூட்டோடு எவர்சில்வர் டப்பாவில் கொட்டி இறுக மூடி ஆறவிடுங்கள்.

ஜெல்லை அடைக்கும் கூட்டைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஆர்.ஓ. ஃபில்டரின் பிளாஸ்டிக் ஹவுசிங்கில் ஜெல்லை நிரப்பிக் காற்றுக் குழாயில் மாட்டும் வழக்கம் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். தண்ணீர் அழுத்தத்தில் உடைந்தால் ஒழுகும். காற்றழுத்தத்தில் உடைந்தால் குண்டுபோல வெடித்துச் சில்லுகள் பறக்கும். பி.வி.சி. பைப்புக்கும் இதே எச்சரிக்கை: சூடும் எண்ணெயும் பட்டுப் பட்டு உறுதி குறைந்து ஒருநாள் சிதறும், பக்கத்தில் நிற்பவரின் கண் போகும். 10 பாருக்கு மேல் தாங்கும் என்று காற்றுக்கென்றே முத்திரையிட்ட உலோகக் கூடு மட்டும்தான். சுவரோடு பைப் இழுப்பதானால் ஜி.ஐ. அல்லது காப்பர். நூறு அடிக்கு ஓர் அடி வீதம் சரிவு கொடுங்கள், கிளையைப் பைப்பின் மேல்புறத்திலிருந்து எடுத்து வளைத்துக் கீழே கொண்டுவாருங்கள், கடைசி முனையில் ஒரு ட்ரெய்ன் (தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடும் வால்வ்) வையுங்கள். கீழ்ப்புறம் டீ (T வடிவ இணைப்பு) போட்டால் பைப்பில் ஓடும் தண்ணீரெல்லாம் அந்தக் கிளையில்தான் இறங்கும்.

ஜெல்லின் தொல்லை வேண்டாம் என்றால் ஐஸ் ஒரு நல்ல குறுக்குவழி. தெர்மோகோல் பெட்டிக்குள் 20 லிட்டர் வாளி, அதில் அதே காப்பர் சுருள். 30 டிகிரித் தண்ணீரை 10 டிகிரிக்கு இறக்க 5 கிலோ ஐஸ், பிறகு வெட்டும் ஒவ்வொரு மணிக்கும் சுமார் 2 கிலோ. பெட்டி வழியே கசியும் வெப்பத்துக்கு இன்னும் கொஞ்சம். 10 டிகிரியில் துளிகளைப் பிரித்துவிட்டால் மிச்சம் 9 கிராம் ஆவிதான். அந்தக் காற்று ஹோஸில் மறுபடி 32 டிகிரிக்கு ஏறும்போது ஈரப்பதம் 28 சதவீதத்துக்கு இறங்கிவிடும், துளி விழ வாய்ப்பே இல்லை. பிரிப்பான் சுருளின் குளிர்ந்த முனையை ஒட்டியே இருக்க வேண்டும் என்பது இங்கே இன்னும் முக்கியம். வழியில் காற்று சூடேறினால் ஒட்டியிருந்த துளிகள் மறுபடி ஆவியாகித் தப்பிவிடும். தினமும் மணிக்கணக்காக வெட்டுபவருக்கு ரெஃப்ரிஜரேட்டட் டிரையர்தான் சரி. அது இதே வேலையை மின்சாரத்தில் 3 டிகிரி வரை செய்கிறது. ஆனால் அதன் திறன் எந்த உள்ளீட்டு வெப்பத்துக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பட்டறை 42 டிகிரிக்குப் போகும் மாதத்தில் எழுதிய அளவு கிடைக்காது. அதன் முன்னாலும் தண்ணீர்ச் சுருள் இருந்தால் பிழைத்துக்கொள்ளும்.

அழுத்தத்தை ஏன் கடைசியில் குறைக்க வேண்டும் என்றால், 8 பாரில் 32 டிகிரியில் நிறைந்திருக்கும் காற்றை 5 பாருக்கு இறக்கினாலே ஈரப்பதம் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். செலவில்லாமலே காற்றைக் காயவைக்கும் வழி அது. ஆகவே சுருள், பிரிப்பான், ஜெல் எல்லாம் டேங்க் அழுத்தத்தில் வேலை செய்யட்டும், ரெகுலேட்டர் மெஷினை ஒட்டியே இருக்கட்டும். அதைக் காற்று ஓடும்போது செட் செய்யுங்கள். நிற்கும்போது 5 பார் காட்டும் முள், டார்ச் ஊதும்போது 3.5க்கு விழுந்தால் அது தண்ணீர்க் கோளாறல்ல, 6 மில்லிமீட்டர் பி.யூ. (பாலியூரித்தேன்) டியூப் போட்டதன் கோளாறு. உள்விட்டம் 10 மில்லிமீட்டர் ஹோஸ் போடுங்கள்.

கம்ப்ரஸரைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 50 ஆம்ப் மெஷின்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 190 லிட்டர் வரை கேட்கும். உங்கள் 2 எச்.பி. அதன் எல்லையில் நிற்கிறது. பெயர்ப்பலகையில் இருப்பது பல நேரம் பிஸ்டன் இழுக்கும் கொள்ளளவு. டேங்குக்கு உண்மையில் போவது அதைவிடக் கால் பங்குக்கு மேல் குறைவு. நிற்காமல் ஓடும் கம்ப்ரஸர் ஆறாது, ஆறாத கம்ப்ரஸரிலிருந்து ஆவிதான் வரும். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்து, ஹெட் மீது ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பிவிடுங்கள். நீண்ட வெட்டுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். டேங்க் அடி ட்ரெய்னை வேலை முடிந்த ஒவ்வொரு நாளும், 1 அல்லது 2 பார் மிச்சமிருக்கும்போது திறங்கள். பால்போல வெள்ளையாக வந்தால் பயப்பட வேண்டாம், எண்ணெயும் தண்ணீரும் கலந்தது.

இதில் எது நிச்சயம், எது அப்படியில்லை என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். குளிரவைத்துப் பிரித்தால் துளித் தண்ணீர் நிற்கும், டார்ச் துப்புவது நிற்கும், இதில் ஐயமில்லை. நுகர்பாகங்களின் (தேய்ந்து மாற்றும் நாசில், எலக்ட்ரோடு) ஆயுள் எத்தனை மடங்கு கூடும் என்று எண் சொல்ல யாராலும் முடியாது. எத்தனை முறை ஆர்க் தொடங்குகிறீர்கள், முனையைத் தகட்டில் உரசுகிறீர்களா, எத்தனை மில்லிமீட்டர் கனத்தைத் துளைக்கிறீர்கள் என்பவையும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. சில பெரிய மெஷின்களின் கையேடுகள் மைனஸ் 40 டிகிரிப் பனிநிலை (ஆவி துளியாகவோ உறைபனியாகவோ படியத் தொடங்கும் வெப்பநிலை) வரை காய்ந்த காற்றைக் கேட்கின்றன. அதை நல்ல ஜெல் மட்டுமே எட்டும், ஐஸும் ரெஃப்ரிஜரேட்டட் டிரையரும் எட்டாது. தானியங்கி மேசையில் நாள் முழுதும் வெட்டுபவர் அந்தக் கணக்கைப் பின்பற்ற வேண்டும். கையால் 6 மில்லிமீட்டர் எம்.எஸ். (சாதாரண எஃகு) தகடு வெட்டும் உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் மெஷின் என்றால் கையேடு சொல்வதே செல்லும்.

எனவே முதலில் வாங்க வேண்டியது 7 மீட்டர் காப்பர் டியூபும் ஒரு ட்ரமும்தான். டேங்க் வாயில் இருக்கும் ஃபில்டரைச் சுருளின் முடிவுக்கு மாற்றி, புது நாசிலும் எலக்ட்ரோடும் மாட்டி, அரை மணி நேரம் வெட்டிவிட்டு மறுபடி கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி மங்காமல் இருந்தால் கோலசிங் ஃபில்டரோடு நிறுத்திக்கொள்ளலாம். இலேசாக மங்கினால் ஜெல் அல்லது ஐஸ். மெஷின் பின்னால் இருக்கும் கிண்ணத்தைக் கழற்ற வேண்டாம், காலியாக அங்கேயே இருக்கட்டும். அதில் என்றைக்காவது ஒரு துளி தெரிந்தால் முன்னால் ஏதோ ஒன்று நிரம்பிவிட்டது என்று அர்த்தம், டிரிகரை விட்டுவிட்டு முதலில் பிரிப்பானின் ட்ரெய்னைப் போய்ப் பாருங்கள்.